பச்சை வாசனை போகும் வரை

தமிழில் எந்தச் சமையல் குறிப்பை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். குழம்போ குருமாவோ, எங்காவது ஓரிடத்தில் "பச்சை வாசனை போகும் வரை கொதிக்க விடவும்" என்று இருக்கும். இல்லாவிட்டால் "வாசனை வரும் வரை வறுக்கவும்" என்று இருக்கும். சின்ன வயசிலிருந்து இந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதில் ஒரு பிரச்சினை இருக்கும் என்று 2021 மே மாதம் வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த மாதம் கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கொரோனா வந்து போனது. மற்றவர்களுக்கு ரெண்டு மூணு வாரத்தில் மூக்கு சரியாகிவிட்டது. அம்மாவுக்கு ஆகவில்லை. முதல் ஆறு மாதம் எந்த வாசனையும் தெரியவில்லை. அப்புறம் திரும்பிய கொஞ்சமும் தப்புத் தப்பாகத் திரும்பியது. காபி தீய்ந்த ரப்பர் மாதிரி இருக்கிறது என்றார். வெங்காயம் வதக்கினால் குமட்டிக்கொண்டு வந்தது. இதற்கு மருத்துவத்தில் பரோஸ்மியா என்று பெயர். காபி, வெங்காயம், பூண்டு, வறுத்தது, பொரித்தது ஆகியவைதான் பலருக்கும் இப்படி மாறித் தெரிகின்றன என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அம்மா அளவுக் கரண்டியைத் தொட்டதில்லை. மூக்கும் உள்ளங்கையும்தான் அவருடைய கருவிகள். ஒருநாள் அவர் வைத்த வத்தக்குழம்பில் மல்லித்தூள் பச்சையாக அடித்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டாவது தடவை குழம்பு கேட்காமல் மோர் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் என்னிடம், "வெந்துச்சா வேகலையான்னு தெரியாம எப்படிடா இறக்கறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் வீட்டிலிருந்த சமையல் புத்தகங்கள், பத்திரிகை இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரு வாசகனாக, ஒரு மாதிரி விமர்சகனாக, உட்கார்ந்து படித்தேன். என் அளவுகோல் ஒன்றே ஒன்று. மூக்கு வேலை செய்யாத ஒருவர் இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு சமைக்க முடியுமா? மென்பொருள் வேலையில் இதை எட்ஜ் கேஸ் என்போம். ஓரத்தில் நிற்கிற ஒருவரை வைத்துச் சோதித்தால், நடுவில் நிற்கிறவர்களும் இத்தனை நாள் தடுக்கி விழுந்த பள்ளம் தெரியவரும்.

ஒரு வாக்கியம், ஐந்து வேலை

அந்தப் பள்ளம் சீக்கிரமே தெரிந்தது. மூக்கு நன்றாக இருக்கிற என் மகளை அம்மா அடுப்பருகே கூப்பிட்டு, "பச்சை வாசனை போச்சான்னு பாரு" என்றார். அவளுக்கு அப்போது பதினோரு வயசு. "பச்சை வாசனைன்னா எந்த வாசனை, ஆயா?" என்று கேட்டாள். அம்மா யோசித்துவிட்டு, "பச்சையா இருக்கற வாசனைடி" என்றார்.

சிரிப்பாக இருந்தாலும் குழந்தை கேட்டது சரியான கேள்வி. இந்த வாக்கியம் ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவருக்குத்தான் புரியும். தெரியாதவருக்காக எழுதப்பட்ட குறிப்பில் இது இருக்கிறது என்பதுதான் கோளாறு. இன்னும் ஒரு சிக்கல், பச்சை வாசனை என்பது ஒரே வாசனை இல்லை. நான் எண்ணிப் பார்த்தவரை, குறைந்தது ஐந்து வெவ்வேறு நிகழ்வுகளுக்கு இந்த ஒரே பெயரை ஒட்டுகிறோம்.

ஒன்று, இஞ்சி பூண்டு விழுது. பூண்டை நசுக்கும்போதுதான் அதன் காட்டமான கந்தக வாசனை உண்டாகிறது. சூட்டில் அது உடைந்து வேறாகிறது. கண்ணுக்கு அடையாளம்: விழுது முதலில் சட்டியில் ஒட்டும், தண்ணீர் வற்ற வற்ற "சொர்ர்" சத்தம் அடங்கும், ஓரம் லேசாகப் பொன்னிறமாகும், பிறகு கரண்டியோடு பிரிந்து வரும்.

இரண்டு, குழம்பில் போட்ட மிளகாய்த்தூள், மல்லித்தூள். கொதிக்க ஆரம்பித்ததும் மேலே ஒரு பொடி நுரை நிற்கும். அது போய், சின்னச் சின்னக் குமிழ்கள் பெரிசாகி மெதுவாக உடைய ஆரம்பிக்கும். கடைசியில் ஓரத்தில் எண்ணெய் தனியாகப் பிரியும்.

மூன்று, புளித்தண்ணீர். இதற்கு மூக்கே வேண்டாம். பச்சைப் புளி நாக்கின் ஓரத்தைப் பிடிக்கும். கொதித்த புளி அப்படிப் பிடிக்காது. நிறமும் ஒரு படி கருக்கும்.

நான்கு, கடலை மாவு. இதில்தான் பலரும் ஏமாறுகிறோம். கரைத்து ஊற்றிய மாவு கொதி வருவதற்கு முன்பே கெட்டியாகிவிடும், ஏனென்றால் மாவுச்சத்து அந்தச் சூட்டுக்கே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கெட்டியானதை வெந்ததாக நினைத்து இறக்கினால் பயறு நாற்றம் அப்படியே இருக்கும். கெட்டியான பிறகும் தண்ணீர் சேர்த்து சில நிமிடம் கொதித்து, மேல்பரப்பு மினுமினுக்க வேண்டும்.

ஐந்து, உலர வறுப்பது. ரவை வறுபட்டதா என்றால், கரண்டியில் அள்ளிக் கவிழ்த்தால் ஆற்று மணல் மாதிரி பொலபொலவென்று உதிர வேண்டும். துவரம் பருப்பு சிவக்க வேண்டும், கிளறும்போது கலகலவென்று சத்தம் வர வேண்டும். வெந்தயம் ஒரு நிறம் தாண்டினால் கசந்துவிடும். அதனால்தான் ஒவ்வொன்றையும் தனியாக வறுக்கச் சொல்கிறார்கள். அளவும் ஈரமும் வெவ்வேறு, ஒன்றாகப் போட்டால் ஒன்று கருகும்போது மற்றது பச்சையாக நிற்கும். வறுத்ததைச் சூடான சட்டியிலேயே விட்டுவிட்டால் அடுப்பை அணைத்த பிறகும் வறுபட்டுக்கொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அடையாளங்கள் எதுவும் நான் கண்டுபிடித்தவை இல்லை. பெரும்பாலானவை அம்மா சொன்னவை. கேட்கிற வரைக்கும் அவருக்கே தெரியாது, தெரியும் என்று.

சமைத்துப் பார்

தமிழ்ச் சமையல் நூல்களைப் பற்றிப் பேசினால் எஸ். மீனாட்சி அம்மாளைத் தொடாமல் போக முடியாது. அவருடைய 'சமைத்துப் பார்' 1951-ல் வெளிவந்தது. உறவினர்கள் ஓயாமல் செய்முறை கேட்டு எழுதுவதைப் பார்த்து, இதையெல்லாம் புத்தகமாகப் போடேன் என்று தூண்டியவர் அவருடைய உறவினரான கே.வி. கிருஷ்ணசாமி அய்யர் என்பார்கள். மூன்று பாகங்கள். முதல் பாகம் அன்றாடச் சமையல். மூன்றாவது பாகம் பண்டிகை, விசேஷங்கள் வரை போகிறது. கல்யாணமாகிப் போகிற பெண்ணின் பெட்டியில் வைத்து அனுப்பும் புத்தகமாகத் தலைமுறைகள் அதை வைத்திருந்தன.

அந்த நூலின் சாதனை என்று நான் நினைப்பது, "திட்டமாகப் போடு", "பார்த்துப் போடு" என்று வாய்வழியாக வந்ததை, எண்ணும் அளவுமாகக் காகிதத்தில் இறக்கியது. மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இல்லாத பெண்ணும் சமைக்கலாம் என்று அது நம்பியது. தமிழில் அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அளவுக்கு ஆயுசு உண்டு. அந்த நூல் வந்தபோது புழக்கத்தில் இருந்தது படியும் ஆழாக்கும் பலமும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது வாய்ப்பாடு. ஆனால் பட்டணம் படி ஒன்று, உள்ளூர்ப் படி இன்னொன்று. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-ல் வந்தது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு ஆழாக்கு என்பது மாற்றிக் கணக்குப் போட வேண்டிய அளவாகிவிட்டது.

இன்னொன்று, அது ஒரு குறிப்பிட்ட வீட்டுச் சமையல். பிராமண வீட்டுச் சைவச் சமையல். எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்போ, கம்பங்கூழோ, கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு வரும் சாமையோ அந்த அடுப்பில் ஏறாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் தனக்குத் தெரிந்ததை எழுதினார், நேர்மையாக எழுதினார். எங்கள் பக்கத்துச் சமையலை அதே கறாரோடு எழுதி வைக்க ஆள் வரவில்லை என்பதுதான் என் வருத்தம். மூக்கை நம்பும் இடங்கள் அவரிடமும் உண்டு. அவருடைய வாசகிக்கு மூக்கு இருந்தது, அதனால் அது தடங்கலாக இல்லை.

நிமிடமும் விசிலும்

அதற்குப் பின் வந்த குறிப்புகள், குறிப்பாகப் பத்திரிகைகளோடு வந்த "30 வகை" இணைப்புகளும் இன்றைய வீடியோக்களும், வேறு வழியில் போயின. வாசனை சொன்ன இடத்தில் நிமிடமும் விசிலும் வந்தன. "மூன்று விசில் விடவும்." "பத்து நிமிடம் கொதிக்க விடவும்."

நானும் முதலில் இந்த வழியில்தான் போனேன். இஞ்சினியர் புத்தி. எக்செல் ஷீட் ஒன்று போட்டு, புளி எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை மில்லி, எத்தனை நிமிடம் என்று எழுதி அடுப்புப் பக்கம் ஒட்டினேன். ஒரே குழம்பு, ஒரே சட்டி. ஒருநாள் 12 நிமிடத்தில் எண்ணெய் பிரிந்தது, இன்னொரு நாள் 19 நிமிடம் ஆனது. சிலிண்டர் தீரும் நேரம், பர்னர் அடைப்பு, புதுப் புளி பழைய புளி, சட்டியின் வாயகலம் என்று நூறு காரணம். ஒரு வாரத்தில் அம்மா அந்தக் காகிதத்தை எடுத்து அலமாரியில் விரித்துவிட்டார்.

விசில் இன்னும் மோசம். குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி 120 டிகிரி பக்கம் போகிறது. அதனால்தான் சீக்கிரம் வேகிறது. விசில் என்பது "அழுத்தம் எட்டிவிட்டது" என்ற செய்தி மட்டுமே. அதற்குப் பின் தீயைக் குறைத்து நிமிடக் கணக்கு வைக்க வேண்டும் என்றுதான் குக்கர் கையேடுகள் பொதுவாகச் சொல்லும். நாமோ செய்தியையே அளவாக எடுத்துக்கொண்டோம். பெருந்தீயில் மூன்று விசில் ரெண்டு நிமிடத்தில் வந்துவிடும். சிறுதீயில் அதே மூன்று விசிலுக்குப் பத்து நிமிடம் ஆகலாம். ரெண்டிலும் பருப்பு ஒன்றுபோல வேகுமா?

திறந்த பானையிலும் நிமிடக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். 300 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்குகிறது. பெரிய கல்வராயன் பகுதி சுமார் 4000 அடி உயரம். அங்கே தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையடிவாரத்தில் எழுதிய நிமிடம் மலைமேல் செல்லாது.

காரணம் சொல்லாத குறிப்பும் இப்படித்தான். "பருப்பு வேக ஒரு சொட்டு எண்ணெய் விடவும்" என்று எல்லாரும் சொல்கிறோம். எண்ணெய் உறுதியாகச் செய்யும் வேலை நுரையை அடக்குவது. நுரை பொங்கிக் குக்கரின் துளையை அடைக்காமல் இருக்கும். எங்கள் வீட்டில் பருப்பு வேகாததற்குக் காரணம் போர் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் சுவரை இறுக்கிப் பிடிக்கிறது. புளியும் அதே வேலையைத்தான் செய்யும். அதனால்தான் பருப்பு வெந்த பிறகு புளி விட வேண்டும். இந்தக் காரணம் தெரிந்தால் தக்காளியையும் முதலிலேயே போடக் கூடாது என்று நீங்களே ஊகித்துவிடலாம். தெரியாவிட்டால் தக்காளிக்குத் தனியாக இன்னொரு குறிப்பு வேண்டியிருக்கும்.

பதம்

சரி, வாசனையும் வேண்டாம், நிமிடமும் வேண்டாம் என்றால் எதைத்தான் எழுதுவது? தமிழில் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. பதம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அந்தப் பதம்.

எங்கள் ஊர் கரும்பு ஊர். வெல்லம் காய்ச்சுகிறவர் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துத்தான் கொப்பரையை இறக்குவார். வீட்டிலும் அதிரசத்துக்கு ஒரு பதம், பொரி உருண்டைக்கு ஒரு பதம் என்று தண்ணீரில் விட்டுப் பார்க்கிறோம். இது குருட்டு வழக்கம் இல்லை. பாகில் தண்ணீர் குறையக் குறைய அதன் கொதிநிலை ஏறுகிறது. தண்ணீரில் விட்டது கரையாமல் கையில் மெத்தென்று உருண்டால் பாகு சுமார் 112-லிருந்து 116 டிகிரிக்குள் இருக்கிறது என்று பொருள். விரலே தெர்மாமீட்டர். விறகோ கேஸோ, இரும்போ பித்தளையோ, அந்த உருண்டை மாறாது. நிமிடம் மாறும்.

கடுகும் அப்படித்தான். எண்ணெய் காய்ந்ததா என்று மோந்து பார்க்க வேண்டாம், ஒரே ஒரு கடுகைப் போட்டால் போதும். உள்ளே இருக்கும் துளி ஈரம் ஆவியாகி ஓட்டை உடைத்தால் காய்ந்துவிட்டது. ரசத்தை "நுரை கட்டி வரும்போது இறக்கு" என்பது தமிழ்ச் சமையலின் மிகச் சிறந்த குறிப்புகளில் ஒன்று என்பேன். நுரை கண்ணுக்குத் தெரியும், யாருக்கும் தெரியும், எந்த அடுப்பிலும் தெரியும். சந்தையில் சாமை விற்கும் அம்மா ஒருவரும் என் கேள்விக்குப் பதமாகத்தான் சொன்னார். கொதிக்கிற தண்ணீரில் போட்டு, அரிசி மலர்ந்து வரும்போது மூடி இறக்கு என்றார். நிமிடமும் சொல்லவில்லை, வாசனையும் சொல்லவில்லை.

வீடியோக்களுக்கு இங்கே ஒரு நியாயம் செய்ய வேண்டும். அச்சுக் குறிப்பு தொலைத்த பதத்தைக் காட்ட அவற்றால் முடியும். நிறமும் சத்தமும் நேரில் கிடைக்கின்றன. ஆனால் சரியாகப் பதம் மாறுகிற அந்த ரெண்டு நிமிடத்தைத்தான் "பத்து நிமிஷம் ஆச்சு பாருங்க" என்று வெட்டிவிடுகிறார்கள். அரைப்பது, ஊற்றுவது, தூவுவது எல்லாம் முழுசாக வருகிறது. குமிழ் மாறுவது வருவதில்லை.

கைமணம்

நண்பர் ஒருவர் இதற்கு ஒரு மறுப்புச் சொன்னார். சமையல் கைமணம், எழுத்தில் வராது, வாசனைதான் கடைசித் தீர்ப்பு என்றார். பாதி ஒத்துக்கொள்கிறேன். மூக்கு கண்ணைவிட நுட்பமான கருவி. பெருங்காயம் கலப்படமா, கருவாடு கெட்டதா, நேற்றுக் குழம்பு ஊசிப்போச்சா என்பதற்கெல்லாம் கண்ணால் நிச்சயமான பதில் இல்லை. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டான் கலக்கிறார்கள். அம்மாவுக்கு அது தெரியாது என்று உறைத்த அன்றே கசிவு எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கி மாட்டினேன். மூக்குக்கு மாற்று இல்லாத இடங்கள் இருக்கின்றன.

மறு பாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். கைமணம் என்ற சொல் பாராட்டுகிற மாதிரி இருந்துகொண்டு, குழம்பு கெட்டால் பழியையும் அந்தக் கையிலேயே போடுகிறது. குறிப்பு அரைகுறையாக இருக்கலாம், தண்ணீர் கடினமாக இருக்கலாம், மூக்கு போயிருக்கலாம். நாம் சொல்வது "முன்ன மாதிரி இல்ல" என்பதுதான். அப்பா அதைக்கூடச் சொல்லவில்லை, மோர் ஊற்றிக்கொண்டார். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. நாலு மாதம் வத்தக்குழம்பு பக்கமே போகவில்லை.

இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதியது. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் கண் என்ன பார்க்கணும், காது என்ன கேட்கணும், நாக்கு என்ன சொல்லணும் என்று மூன்று வரி. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்குக்குத் தெரியும். காரம் எரிச்சலாகத் தெரியும். இவை எதுவும் அம்மாவிடமிருந்து போகவில்லை. நோட்டில் சில பக்கங்கள் காலியாக இருக்கின்றன. கருவாட்டுக் குழம்புப் பக்கத்தில் "பாப்பாவைக் கூப்பிடு" என்று மட்டும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வத்தக்குழம்பு. மகள் சட்டிக்கு மேலே குனிந்து மோந்துவிட்டு, "போச்சு ஆயா, எறக்கிடலாம்" என்றாள். அம்மா கரண்டியால் ஓரத்தை ஒதுக்கிப் பார்த்தார். "எண்ணெய் இன்னும் மேல வரல. இரு" என்றார். இன்னும் நாலு நிமிடம் கொதித்தது. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

சமையல் குறிப்பு எழுதுகிற யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். "பச்சை வாசனை போகும் வரை" என்று தாராளமாக எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில், அப்போது சட்டிக்குள் என்ன தெரியும் என்று இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.